நீர்மூழ்கிக்குப் பூட்டிய அணு உலையை விமானத்துக்குப் பூட்டினால் என்ன?

கேள்வி: அணுசக்தி நீர்மூழ்கிகள் வருடக்கணக்காக எரிபொருள் நிரப்பாமல் ஓடுகின்றன. விமானத்தை ஏன் அப்படி ஓட்ட முடியாது? உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா?

கிளிநொச்சியில் உழவு இயந்திரமும் தண்ணீர்ப் பம்பும் திருத்துகிறவன் நான். பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்பரேட்டருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர் இது. 2022 இல் பெற்றோல் வரிசையிலும் நின்றோம். எண்ணெயே கேட்காத எஞ்சின் என்றால் எனக்கும் ஆசைதான். ஆனால் ஓட்டலாமா என்பதை விட, விழுந்தால் யார் பொறுக்குவது என்பதுதான் இங்கே கேள்வி.

ஓட்டிப் பார்க்காமல் விடவில்லை. அமெரிக்கா 1946 இலேயே தொடங்கிவிட்டது. 1956 இல் ஐடஹோவில் ஒரு ஜெட் எஞ்சினை அணு உலைச் சூட்டிலேயே தரையில் ஓட்டிக் காட்டினார்கள். 1955 முதல் 1957 வரை என்பி-36எச் என்ற பெரிய குண்டுவீச்சு விமானம், 1 மெகாவாட் உலையொன்றைச் சுமந்து 47 தடவை பறந்தது. அந்த உலை விமானத்தை ஓட்டவில்லை, வெறும் சுமைதான். கதிர்வீச்சு என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் அது. உலை மட்டும் 16 தொன் அளவில். விமானிகள் இருந்த அறையைச் சுற்றி ஈயமும் றப்பரும் அடித்து இன்னும் பல தொன். ஜன்னல் கண்ணாடி ஓரடித் தடிப்புக்குக் கிட்ட. பின்னால் இன்னொரு விமானத்தில் ஆயுதம் தாங்கிய படையினர் போனார்கள்: இது விழுந்தால் பரசூட்டில் குதித்து, ஊர்ச்சனம் கிட்டப் போகாமல் மறிப்பதற்கு. செய்தவர்களுக்கே அவ்வளவு பயம்! 1961 இல் சோவியத்தும் டியூ-95 என்ற குண்டுவீச்சு விமானத்தில் இதையே செய்து பார்த்துவிட்டு ஓய்ந்தது.

தொழில் தெரிந்தவன் கண்ணுக்கு முதலில் படுவது சூடு. சாதாரண ஜெட் எஞ்சினில் எரிவது காற்றுக்குள்ளே. உலோகத்தை ஓரளவு குளிராக வைத்திருக்கலாம். அணு உலையில் அது தலைகீழ். உலைக்குள் இருக்கும் எரிபொருள் கட்டி சூடாகி, அதுதான் காற்றைச் சூடாக்க வேண்டும். அதாவது காற்றை விட உலை கூடுதலாகக் கொதிக்க வேண்டும். அந்தச் சூட்டை வருடக்கணக்காகத் தாங்கும் பொருள் லேசில் கிடைக்காது. காற்றை நேரே உலைக்குள் விட்டால் அந்தக் காற்றோடு கதிரியக்கமும் வெளியே வரும். குழாயில் திரவ உலோகத்தை ஓடவிட்டுச் சூட்டைக் கடத்தினால் பாரமும் கூடும், ஒழுகவும் செய்யும். போதாததற்கு ஒயில் சீல், டயர், வயர் உறை எல்லாம் கதிர்வீச்சில் கெட்டுப்போகும். அதைக் கழற்றி மாற்றுகிற மெக்கானிக்கை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நீர்மூழ்கிக்குப் பாரம் பிரச்சினை இல்லை, சுற்றிவரக் கடல். விமானத்தில் நாலாபக்கமும் கவசம் போட்டால் எழும்பாது. விமானி இருக்கிற பக்கம் மட்டும் போட்டால், தரையிறங்கிய பிறகு பக்கத்தில் போய் நிற்க முடியாது.

அப்புறம், இது சாவியைத் திருப்பினால் நிற்கிற எஞ்சினும் அல்ல. உலையை நிறுத்திய உடனேகூட அதன் முழுச் சக்தியில் 6-7 சதவீத அளவு சூடு வந்துகொண்டே இருக்கும். விழுந்து குளிரூட்டும் குழாய் அறுந்தால் உருக வாய்ப்புண்டு. உள்ளே சேர்ந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே 30 வருடம்.

1966 இல் ஸ்பெயினின் பலோமரெஸில் அமெரிக்க விமானம் ஒன்று மோதி விழுந்தது. அதிலிருந்த அணுகுண்டுகளில் இரண்டு உடைந்து புளூட்டோனியம் தக்காளித் தோட்டங்களில் சிதறியது. மேல்மண்ணைச் சுரண்டி ஏறத்தாழ 4,800 பீப்பாயில் அமெரிக்காவுக்கு ஏற்றினார்கள். அப்படியும் முழுதாகத் துப்புரவாகவில்லை. அது குண்டு, உலை அல்ல. உலை விழுந்த கதை 1978 இல் கனடாவில் நடந்தது: அணு உலையைச் சுமந்த சோவியத் செய்மதி கொஸ்மொஸ்-954. 600 கிலோமீற்றர் நீளத்துக்குச் சிதறியது. தேடி எடுத்தது எரிபொருளில் மிகச் சிறு பங்குதான். வானவெளியிலிருந்து விழுந்ததால் அவ்வளவு தூரம் பரவியது, விமானமென்றால் குறையும். என்றாலும் முகமாலைப் பக்கம் முழந்தாளில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி மிதிவெடி எடுத்ததைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மிதிவெடியாவது ஒரு இடத்தில் கிடக்கும், எடுத்தால் வயல் விதைக்கலாம். தூசியை எப்படி எடுப்பது?

1961 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி இந்த அணு விமானத் திட்டத்தை நிறுத்தினார். 15 வருடம், ஏறத்தாழ 100 கோடி டொலர். அதற்குள் நீண்டதூர ஏவுகணையும் வானிலேயே எரிபொருள் நிரப்பும் வசதியும் வந்துவிட்டன, தேவையே இல்லாமல் போனது. ரஷ்யா இப்போதும் புரெவெஸ்ட்னிக் என்ற அணுசக்தி ஏவுகணையைச் சோதிக்கிறது. அதில் ஆள் இல்லை, அதனால் கவசச் சிக்கலும் இல்லை. கீழே இருக்கிற சனத்துக்கு அதில் என்ன இலாபம் என்று எனக்குத் தெரியவில்லை.

அணுசக்தியில்தான் பறக்க வேண்டுமென்றால் உலை தரையில் இருக்கட்டும். அந்த மின்சாரத்தில் ஹைட்ரஜனோ செயற்கை விமான எரிபொருளோ தயாரித்து டாங்கியில் ஊற்றலாம். இப்போதைக்கு விலைதான் கட்டுப்படியாகாது.