பதிவேட்டை ஒப்படைக்கலாம், விலையை ஒப்படைக்காதீர்கள்

கேள்வி: சுமார் 60 முதலீட்டாளர்கள் உள்ள தனியார் முதலீட்டு நிதி ஒன்றின் கணக்கைப் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் நிகர மதிப்பு) போடுகிறோம். யூனிட் ஒதுக்குவது, பணம் திருப்பித் தருவது, கட்டணம் எல்லாம் எக்செல்லில்தான். பிளாக்செயினுக்கு மாறினால் ஆள் தலையிடாமல் ஓடுமா?

பதில்: பாதி ஓடும். எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

யாரிடம் எத்தனை யூனிட் என்ற பதிவேடு நன்றாக ஓடும்; பிளாக்செயின் என்பதே பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பதிவேடுதானே. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் 2021-ல் தொடங்கிய பணச் சந்தை நிதி, யூனிட் பதிவேட்டை ஸ்டெல்லார் பிளாக்செயினில் வைத்தது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான பிளாக்ராக் 2024 மார்ச்சில் எத்தீரியம் என்ற பிளாக்செயினில் BUIDL நிதியைத் தொடங்கியது. இரண்டும் போடும் பணம் பெரும்பாலும் குறுகிய கால அமெரிக்க அரசுப் பத்திரங்களில். யூனிட் விலை 1 டாலரிலேயே நிற்பதாக அமைத்திருக்கிறார்கள். விலையில் தகராறு வராத இடமாகப் பார்த்துத்தான் கை வைத்திருக்கிறார்கள்!

உங்கள் நிதியில் சந்தை விலை இல்லாத, பட்டியலிடப்படாத பங்குகள் இருந்தால் கதை வேறு. பிளாக்செயினில் தானாக ஓடும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்டுக்கு, வெளியுலகில் நடப்பது எதுவும் தெரியாது. வெளித் தகவலை உள்ளே கொண்டுவரும் இணைப்பான ஆரக்கிள் தரும் எண்ணை அப்படியே நம்பும். எண் தப்பென்றால், தப்பான விலையில் யூனிட்டைச் சட்டென்று ஒதுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அதனால் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே என்.ஏ.வி. உள்ளே போகும்படி வையுங்கள்.

சரி, கட்டணம். நிர்வாகக் கட்டணம் சுலபம்: 5 கோடி மதிப்புக்கு ஆண்டுக்கு 2 சதவீதம் என்றால் நாளைக்குச் சுமார் 2,740. நிதி மேலாளர் லாபத்தில் எடுக்கும் பங்குதான் சிக்கல். ஒருவர் 100-ல் நுழைகிறார், விலை 80-க்கு இறங்கியபோது இன்னொருவர் வருகிறார், விலை மறுபடி 100-ஐத் தொடுகிறது. முதலாமவருக்கு லாபமே இல்லை. இரண்டாமவருக்கு யூனிட்டுக்கு 20 லாபம். மேலாளரின் லாபப் பங்கு 20 சதவீதமானால் அவரிடம் யூனிட்டுக்கு 4 பிடிக்க வேண்டும். ஆனால் எத்தீரியத்தின் வழக்கமான தரமான இ.ஆர்.சி.-20-ல் போட்ட டோக்கனில் (யூனிட்டைக் குறிக்கும் டிஜிட்டல் சீட்டு) ஒரு யூனிட்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கிடையாது; யார் எந்த விலையில் வாங்கினார் என்பது அதில் தங்காது. நுழைந்த தேதிவாரியாகத் தனித்தனி வரிசை டோக்கன் வெளியிட வேண்டும், அல்லது நுழைவு விலையைத் தனியாகப் பதிய வேண்டும். மென்பொருள் விற்க வருபவரிடம் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பலர் இங்கேயே திணறுவார்கள்.

அப்புறம், திருத்தம். முதலீட்டாளர் தன் யூனிட்டைக் கையாளும் டிஜிட்டல் சாவியைத் தொலைப்பார், நீங்களே யூனிட்டைத் தவறான பெயரில் ஏற்றிவிடுவீர்கள். இ.ஆர்.சி.-3643 என்ற இன்னொரு டோக்கன் தரத்தில் டோக்கனை முடக்க, மீட்க, கட்டாயமாக மாற்ற வழி உண்டு, கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) முடிக்காதவருக்கு யூனிட் போகாமலும் தடுக்கும். அந்த அதிகாரம் யார் கையில் என்பதை நிதி ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒரேயடியாக மாற வேண்டாம். ஆஸ்திரேலியப் பங்குச் சந்தை பங்கு வர்த்தகத்தைத் தீர்த்து முடிக்கும் தன் செட்டில்மென்ட் முறையையே பிளாக்செயின் வகைத் தொழில்நுட்பத்துக்கு மாற்றப் புறப்பட்டு, 2022 நவம்பரில் கைவிட்டு, சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. நீங்கள் பதிவேட்டை மட்டும் ஏற்றி, குறைந்தது மூன்று மாத முடிவுகளுக்கு எக்செல்லோடு சேர்த்து ஓட்டுங்கள்.

அதற்கும் முன்னால் நிதியின் சொத்துகளைப் பாதுகாக்கும் கஸ்டோடியனிடமும் தணிக்கையாளரிடமும் கேளுங்கள்: இந்தப் பதிவேட்டிலிருந்தே நேரடியாகப் பார்த்துக்கொள்வீர்களா? “எதற்கும் எக்செல்லில் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்” என்றால், இப்போதைக்கு உங்களுக்கு ஒரு நல்ல டேட்டாபேஸே போதும்.