பேய்க்கு நியாயம் இருந்தால் எனக்குப் பயம் வருவதில்லை

கேள்வி: அண்மையில் வந்த பேய்ப் படங்கள், அமானுஷ்யத் தொடர்களில் உங்களை உண்மையாகவே பயமுறுத்தியது எது? தமிழ்ப் பேய்ப் படங்கள் ஏன் பெரும்பாலும் பயமுறுத்துவதில்லை?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இடைவேளைக்குப் பிறகு வரும் ஃப்ளாஷ்பேக்தான் காரணம்.

முதல் பாதியில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், ஆளில்லாத மாடியில் யாரோ நடப்பார்கள். சரி, வயிறு கொஞ்சம் கலங்கும். இடைவேளை முடிந்ததும் பேய் தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கும். ஊருக்கு நல்லது செய்த குடும்பம், சொத்துக்கு ஆசைப்பட்ட நாலு பேர், நடுவில் ஒரு பாட்டு, அப்புறம் கொலை. அது முடிவதற்குள் நாம் பேயின் கட்சிக்கு மாறியிருப்போம். சொந்தக் கட்சிக்காரரைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? பிறகு அந்த நாலு பேரையும் ரேஷன் கடையில் கார்டு பார்த்துப் பொருள் போடுவதுபோல ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கணக்குத் தீர்த்துவிட்டு, நல்லவர்களுக்கு ஒரு கீறலும் விழாமல் பேய் கிளம்பிவிடும்.

இதற்காக 2011இல் வந்த காஞ்சனாவை நான் குறை சொல்ல மாட்டேன். சரத்குமார் திருநங்கையாக வரும் அந்த ஃப்ளாஷ்பேக்தான் படத்தின் உயிர். அதுவரை திருநங்கைகளைக் கேலிக்கு மட்டுமே வைத்திருந்த வணிக சினிமா, ஒருவரை மரியாதையோடு நிற்க வைத்தது. அது எனக்குப் பிடித்தது; பயமாக இல்லை, அவ்வளவுதான். சிக்கல், அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்த அச்சையே எடுத்துக்கொண்டது. 2024 மே மாதம் வந்த அரண்மனை 4இல் ஒரு நல்ல சரக்கு இருந்தது. அசாம் நாட்டுப்புறக் கதைகளில் வரும் 'பாக்' என்ற ஆவி அது. யாருடைய உருவத்தையும் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்றே தெரியாது என்பது எவ்வளவு பெரிய பயம்! ஆனால் தமன்னாவின் தாய்ப்பாசமும் யோகி பாபு, கோவை சரளா கூட்டத்தின் நகைச்சுவையும் அதை ஓரமாக உட்கார வைத்துவிட்டன. வசூலில் படம் ஜெயித்தது, அதனால் சுந்தர் சி.யிடம் போய் நாம் எதுவும் சொல்ல முடியாது.

'அநியாயமாகச் செத்தவர் திரும்பி வருவது நம் மரபுதானே, அதில் என்ன தவறு?' என்று கேட்கலாம். மரபுதான். கொலையுண்டவர்களைச் சாமியாக்கிக் கும்பிடுகிற ஊர் இது. ஆனால் பழையனூர் நீலி கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போன பிறவியில் தன்னைக் கொன்ற வணிகனைத் தேடி அவள் மனைவி வேடத்தில் வருகிறாள். இடுப்பில் இருக்கும் குழந்தை, கள்ளிக்கொம்பில் செய்தது. அவள் அழுகையை நம்பி ஊர் வேளாளர்கள் அவனைக் கைக்கத்தியைக் கொடுத்துவிட்டு அவளோடு உள்ளே போகச் சொல்கிறார்கள். காலையில் பிணம். அவன் உயிருக்குப் பிணை நின்ற எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலி பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் அந்த நியாயம் குற்றவாளியோடு நிற்கவில்லை. இடையில் வந்து நல்லெண்ணத்தில் ஒரு வார்த்தை சொன்ன எழுபது பேரையும் கொண்டுபோய்விட்டது. அதனால்தான் அந்தக் கதை இன்றைக்கும் நடுங்க வைக்கிறது. நம் சினிமாப் பேய்களுக்கு இந்த ஆபத்து கிடையாது, அவை ரொம்பவும் சட்டத்துக்கு உட்பட்டவை.

இனி முதல் கேள்வி. எனக்கு ராகுல் சதாசிவன் என்ற மலையாள இயக்குநரைத்தான் சொல்லத் தோன்றுகிறது. அவருடைய பூதகாலம் 2022 ஜனவரியில் சோனிலிவ் ஓடிடியில் நேரடியாக வந்தது. பாட்டி இறந்துபோன பிறகு அந்த வாடகை வீட்டில் மிச்சமிருப்பது அம்மாவும் மகனும். அம்மா ரேவதிக்கு நெடுநாள் மனச்சோர்வு. மகன் ஷேன் நிகமுக்குப் படிப்புக்கேற்ற வேலை இல்லை, குடி வேறு. ராத்திரியில் ஏதோ தெரிகிறது என்று அவன் சொன்னால் யாரும் பேய் என்று நினைப்பதில்லை. அம்மாவுக்கு இருப்பது மகனுக்கும் வந்துவிட்டது என்கிறார்கள். எனக்குப் பயம் வந்தது அங்கேதான். பேயைப் பார்ப்பதைவிட, பார்த்ததைச் சொன்னால் பெற்ற தாய்கூட நம்பமாட்டாள் என்பது கொடுமை. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று நமக்கும் தோன்றும்படி எடுத்திருக்கிறார். கடைசிப் பகுதியில்தான் எல்லாம் வெளியே வருகிறது. அப்போதும் அந்த வீட்டில் முன்பு என்ன நடந்தது என்பதற்குச் சில வரிகள் மட்டுமே. அழுகை, பாட்டு எதுவும் இல்லை. ரேவதிக்கு இதற்காகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது. மண் வாசனையில் தொடங்கி அவரைப் பார்த்துவரும் நமக்கு அது ரொம்பத் தாமதமான விருதாகத்தான் படும்.

ராகுல் சதாசிவனே 2024இல் பிரமயுகத்தை முழுக்கக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 17ஆம் நூற்றாண்டு மலபார். அடிமை வாழ்விலிருந்து தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன், காட்டுக்கு நடுவே இடிந்து கிடக்கும் மனைக்குள் நுழைகிறான். வீட்டுக்காரர் கொடுமண் போற்றி, அதாவது மம்மூட்டி, சோறு போடுகிறார், பாடச் சொல்லிக் கேட்கிறார், பகடை ஆடக் கூப்பிடுகிறார். பணயம் வைக்க என்னிடம் என்ன இருக்கிறது என்றால், உன் நேரத்தை வை என்கிறார். தோற்றால் அந்த வீட்டை விட்டு வெளியே போக முடியாது. இந்தக் காட்சியில் திடுக்கிட வைக்கும் சத்தம் ஒன்றுகூட இல்லை, மம்மூட்டியின் சிரிப்பு மட்டும்தான். போற்றிக்கு நாம் இரக்கப்படும்படி ஒரு காரணமும் சொல்லப்படவில்லை. அதிகாரம் கையில் இருக்கிறது, அது போதும் அவருக்கு. கடன்பட்டவனிடம் அன்பாகப் பேசும் ஆண்டையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இதில் பேயே தேவைப்படாது. அதே இயக்குநரின் படமாகப் பிரணவ் மோகன்லால் நடித்து 2025 அக்டோபரில் வந்த டீயஸ் ஈரே இந்த இரண்டுக்கும் ஒரு படி கீழேதான் எனக்கு, ஆனால் பெரிய பணக்கார வீட்டில் ஒருவன் தனியாக இருக்கும் காட்சிகளில் சத்தத்தைப் பயன்படுத்தியிருக்கும் விதத்துக்காகவே பார்க்கலாம்.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது பொய். 2015இல் வந்த டிமான்டி காலனி, ஒரே அறை, நாலு நண்பர்கள், ஒரு டிவிப் பெட்டி, இவற்றை வைத்தே மிரட்டியது. டிவியில் ஓடும் படத்தில் அவர்களே வருவார்கள்! (டிவியை வைத்துப் பயமுறுத்துவதில் நாம் கெட்டிக்காரர்கள், 2009இல் யாவரும் நலம் அதைச் செய்துவிட்டது.) 2024இல் வந்த இரண்டாம் பாகத்தில் அறை போய் ஓர் உலகமே வந்துவிட்டது, கிராபிக்ஸ் கூடிவிட்டது. விறுவிறுப்பு இருந்தது, பயம் குறைந்துவிட்டது.

ஹாலிவுட்டில் 2025இல் வந்த வெப்பன்ஸ் பார்த்தபோது என் வாதம் எனக்கே இன்னும் தெளிவானது. ஒரே வகுப்புப் பிள்ளைகள் 17 பேர் அதிகாலை 2:17க்கு எழுந்து, கைகளை விரித்தபடி இருட்டுக்குள் ஓடி மறைகிறார்கள். காரணத்தைப் படம் பின்னால் விளக்கமாகவே சொல்கிறது. இருந்தும் பயம் போகவில்லை. ஏனென்றால் அது விளக்கம் மட்டும்தான். செய்தவருக்காக நம்மை வருத்தப்பட வைக்க அந்தப் படம் முயலவே இல்லை. ஃப்ளாஷ்பேக் இருக்கட்டும், ஆனால் பேய்க்கு வக்கீல் வைக்காதீர்கள் என்பதுதான் நம் இயக்குநர்களிடம் என் கோரிக்கை.

பேய் இருக்கிறதா என்று கருவியோடு தேடி வீடியோ போடும் யூடியூப் பேய் வேட்டைக்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையில் வைத்திருக்கும் மீட்டர் மின்காந்தப் புலத்தை அளப்பது. பழைய வயரிங், பாக்கெட்டில் இருக்கும் போன், எதற்கும் அது விளக்கெரியும். அதைவிட யூடியூபிலேயே கிடைக்கும் பழைய மர்மதேசம் தொடரின் விடாது கருப்புவைப் பாருங்கள். குதிரைக் குளம்புச் சத்தம் ஒன்றை வைத்து, 90களில் வீடு வீடாகப் பிள்ளைகளைப் போர்வைக்குள் தள்ளிய தொடர் அது.

நீங்கள் தொடங்குவதென்றால் பிரமயுகத்திலிருந்து தொடங்குங்கள், பெரிய திரை இருந்தால் நல்லது. குடும்பத்தோடு சிரித்துவிட்டு வந்தால் போதும் என்றால் அரண்மனை 4 தாராளம். பூதகாலத்தை மட்டும் சின்னப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். பேய் வருவதற்கு முன்பே, அந்த அம்மாவும் மகனும் போடும் சண்டை பிள்ளைகளுக்கு அதிகம்.