நூறு எடுத்தால் எத்தனை தேறும்?

கேள்வி: ஒரு நாள் சுற்றினால் 400 படம் எடுக்கிறேன். கணினியில் போட்டுப் பார்த்தால் 15 கூடத் தேறுவதில்லை. இது ரொம்பக் குறைவா?

பதில்: எதை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, அசையாத பொருளை எடுத்தால் பத்துக்கு எட்டாவது தேற வேண்டும். பறக்கும் பறவையை விநாடிக்கு 20 படம் வீதம் சுட்டால், நூற்றுக்கு மூன்று நான்கு கிடைப்பதே நல்ல அறுவடை. புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1950களின் நடுவில் அமெரிக்கா முழுக்கச் சுற்றி எடுத்தது 767 ஃபிலிம் சுருள்கள். சுருளுக்கு 36 என்றால் 27,000-க்கு மேல். ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலில் அவர் வைத்தது 83 படங்கள். மீதியெல்லாம் குப்பை என்று பொருளல்ல. ஒரு நூலுக்கு வேண்டியதைப் பொறுக்கிய கணக்கு அது. விழா எடுப்பவரோ வந்தவர் எல்லோர் முகமும் இருக்கும்படி நிறையவே வைத்துக்கொண்டாக வேண்டும்.

உங்கள் 385-ஐ அழிக்கும் முன், ஒவ்வொன்றும் ஏன் தவறியது என்று பிரித்து எண்ணுங்கள். தெளிவில்லை, வெளிச்சம் தவறியது என்பவை அதிகமானால் கேமரா அமைப்பை மாற்றினால் தீரும். எல்லாம் சரி, ஆனால் படத்தில் ஒன்றுமில்லை என்பவைதான் அதிகமா? கவலை வேண்டாம். நல்ல தருணத்தைத் தேடும்போது அவை விழத்தான் செய்யும்.

கேள்வி: கழித்தவற்றில் பாதி மங்கல். கை நடுக்கமா, ஃபோகஸ் கோளாறா, எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். காட்சி முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. பின்னணி கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் அவர் நகர்ந்திருக்கிறார். இழுபடாமல் முகம் மங்கி, காதோ பின்சுவரோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் அங்கே போய்விட்டது.

கை அசைவுக்குப் பழைய கணக்கே போதும்: ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 200 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் வேகம் குறைந்தது 1/200 விநாடி, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 1/300. நடுக்கம் குறைக்கும் வசதி இதைத் தளர்த்தும். ஆனால் எதிரில் இருப்பவரின் அசைவை அது நிறுத்தாது. இதை மறந்துதான் பலர் மங்கிய வெளிச்சத்தில் 1/30 வைத்துக் குழந்தைகளை எடுத்து ஏமாறுகிறார்கள். நடப்பவருக்கு 1/250, ஓடும் பிள்ளைகளுக்கு 1/800, பறக்கும் பறவைக்கு 1/2000 வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அமைப்பை, தயங்காமல் ஏற்றுங்கள். அதனால் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) ஏறிய படத்தைப் பிறகு ஓரளவு சரிசெய்யலாம். இழுபட்டதை மீட்பது கடினம்.

ஃபோகஸ் விஷயத்தில் அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, கவனியுங்கள்; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-க்குத் திறந்து, இரண்டு மீட்டரில் இருப்பவரை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 6 செ.மீ. அவர் சற்றுச் சாய்ந்தாலே கண் அதைவிட்டு வெளியே போய்விடும். எஃப் 4-க்கு வந்தால் சுமார் 13 செ.மீ. கிடைக்கும். பின்னணி குழைவது கொஞ்சம் குறைந்தாலும் தேறும் படங்கள் கூடும்.

கேள்வி: 12 பேர் நிற்கும் குழுப் படத்தில் எப்போதும் யாராவது கண்ணை மூடிவிடுகிறார்கள். எத்தனை எடுத்தால் ஒன்று தேறும்?

பதில்: இதற்குக் கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ-வைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் போட்டது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசையும் 2006-இல் பெற்றது. 20 பேருக்குக் குறைவான குழுவென்றால், நல்ல வெளிச்சத்தில் தலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள்; வெளிச்சம் குறைந்தால் இரண்டால். உங்களுக்கு நான்கு அல்லது ஆறு. அவற்றை ஒரே பர்ஸ்டில் (பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக) சுடாதீர்கள். ஒருவர் இமைத்தால் அடுத்தடுத்த படங்களிலும் அதே மூடிய கண்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு விநாடி இடைவெளி விடுங்கள்.

கேள்வி: தேறாதவற்றைக் கேமராவிலேயே அழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். சின்னத் திரையில் மங்கலும் கூர்மையாகத் தெரியும், அவசரத்தில் நல்லதும் போய்விடும். கூடுதலாக ஒரு மெமரி கார்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். முதல் சுற்றில் வெளிப்படையாகக் கெட்டவற்றுக்கு மட்டும் குறி போடுங்கள். லைட்ரூம் என்ற படத் தொகுப்பு மென்பொருளில் அதற்கு எக்ஸ் விசை. இரண்டாம் சுற்றில் ஒரே காட்சியின் படங்களை அருகருகே வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அரைமனதாக வைத்தவற்றை ஒரு வாரம் கழித்துச் சிறிய அளவில் வரிசையாகப் பாருங்கள். அந்த அளவில் கண்ணை இழுக்காதவை பெரிதாக்கினாலும் பெரும்பாலும் இழுப்பதில்லை. அழிப்பது அதற்குப் பிறகு.