வெயிலில் பிடித்த அட்டை

அன்புள்ள ஐயா,

நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி கிடைக்க வேண்டும் என்று எங்கள் மாணவர்களை வைத்து ஊர்வலமும் கையெழுத்து இயக்கமும் நடத்த நினைக்கிறோம். பிள்ளைகளை அரசியலுக்கு இழுக்காதீர்கள் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். எந்த வயதிலிருந்து ஈடுபடுத்தலாம்? அட்டையில் எழுத நாலு நல்ல வாசகங்களும் தந்தால் உதவியாக இருக்கும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வாசகம் எழுதித் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அரசியல் என்ற புகாருக்கும் ரொம்ப மெனக்கெட வேண்டாம். குழந்தையைப் பாதிக்கும் விஷயத்தில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமை உடன்படிக்கையே 12ஆவது பிரிவில் சொல்கிறது. அதைக் காட்டுங்கள், போதும்.

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் பழைய பெட்டியில் ஒரு போட்டோ கிடைத்தது. ஏழாம் வகுப்பில் எடுத்தது. வரிசையில் மூன்றாவதாக நிற்பது நான். முகம் தெரியாது, ‘எல்லோருக்கும் கல்வி’ என்ற அட்டை மறைக்கிறது. இரண்டு மணி நேரமாக வெயில். விருந்தினரின் கார் வரவில்லை. அப்போது கேரியரில் மூட்டையோடு சைக்கிளில் ஒருவன் வந்தான். நாலு மாதம் முன்புவரை என் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவன். காலை ஊன்றி நின்று அட்டையைப் படித்தான். என்னைவிட நன்றாகப் படிக்கிறவன். என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் அட்டையைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டேன்.

அவன் அப்பா கை ஒடிந்து படுத்துவிட்டார், அதனால்தான் பள்ளியை விட்டு நின்றான். வகுப்பில் நாற்பது பேருக்கும் இது தெரியும். வருகைப் பதிவேட்டுக்குத் தெரியாது, அதில் அவன் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு மட்டும். எங்களை யாரும் கேட்கவே இல்லை. அட்டை பிடிக்க மட்டும் கூப்பிட்டார்கள்.

2005இல் எட்டுப் பெரிய நாடுகளின் கூட்டமைப்பான ஜி-8இன் தலைவர்களுக்கு அனுப்புவதற்காகப் பல நாட்டு மாணவர்கள் லட்சக்கணக்கில் காகித மனிதர்களை வெட்டினார்கள். பள்ளிக்குப் போகாத ‘நண்பர்’களின் உருவங்கள். நல்ல காரியம்தான். ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குக் காகித நண்பன் எதற்கு? நிஜ நண்பனே காணாமல் போயிருப்பானே, டீச்சர்!

பார்பரா ஜான்ஸ் என்ற மாணவியைப் பற்றிப் படித்திருக்கிறீர்களா? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், ஃபார்ம்வில். கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியில் இடம் போதாமல், தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளிலும் வகுப்பு நடந்தது. மழை பெய்தால் ஒழுகும். 1951 ஏப்ரல் 23 அன்று தலைமையாசிரியரைப் பொய்யான போன் ஒன்றால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்கள் எல்லோரையும் அரங்கில் கூட்டி, ஆசிரியர்களை வெளியேறச் சொல்லி வேலைநிறுத்தத்தை அறிவித்தாள். வயது பதினாறு. (போன் விஷயத்தை உங்கள் பள்ளிக்கு நான் சிபாரிசு செய்யவில்லை.) வாசகம் எழுதிக் கொடுக்க அவளுக்குப் பெரியவர் யாரும் தேவைப்படவில்லை, எது ஒழுகுகிறது என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம் மட்டும். அது வழக்காக வளர்ந்தது. பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஐந்து வழக்குகளில் அதுவும் ஒன்று.

மேடைகளில் இதோடு நிறுத்திவிடுவார்கள். கறுப்பரையும் வெள்ளையரையும் ஒன்றாக உட்காரவைக்க மனமில்லாமல், ஃபார்ம்வில் இருந்த கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம் 1959இல் பொதுப் பள்ளிகள் அத்தனையையும் மூடிவிட்டது. ஐந்து வருடம். வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வந்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் படிப்பையே இழந்தார்கள். ஆகவே பிள்ளைகளை முன்னால் நிறுத்தும்போது அடி யார்மேல் விழும் என்று நீங்கள் முதலில் யோசிக்க வேண்டும். ஊர்வலப் படத்தில் யார் நடுவில் நிற்பது என்று பிறகு யோசிக்கலாம்.

வயது கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் பக்கத்தில் இருந்தவன் வரவில்லை என்று தெரியும். கதவைச் சாத்திவிட்டு, யார் வருவதில்லை, ஏன் என்று அவர்களிடம் கேளுங்கள். சிலர் எல்லோர் முன்னும் சொல்ல மாட்டார்கள், தனியாக வந்து சொல்வார்கள். கேட்டதை எழுதிக்கொண்டு அந்த வீட்டுக்கு நீங்கள் போங்கள், பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அந்தப் பெயர்கள் தப்பித் தவறியும் அட்டையில் வரக் கூடாது.

அப்புறம் ஊர்வலம். வைத்தே ஆக வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். விருந்தினருக்காகக் காத்திருக்க வேண்டாம்.