அசலா, அச்சா?

கேள்வி: லண்டனில் இருந்து வந்த என் சித்தப்பா, கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜியின் பழைய கேலிச்சித்திரம் ஒன்றைக் கொடுத்தார். மூலையில் 'ஸ்பை' என்று கையெழுத்து இருக்கிறது. இது கையால் வரைந்த அசல்தானா?
- வாசகி, மதுரை

பதில்: பெரும்பாலும் அச்சுப் பிரதிதான் அம்மா. 'ஸ்பை' என்பது லெஸ்லி வார்டின் புனைபெயர். லண்டன் 'வேனிட்டி ஃபேர்' வார இதழுக்காக 1897இல் அவர் ரஞ்சியை வரைந்தார். இதழுக்கு வரைந்த நீர்வண்ண ஓவியங்களைக் கல்லச்சில் பல வண்ணத்தில் அடித்து வெளியிட்டார்கள். கையெழுத்தும் கூடவே அச்சாகிவிடும், அதை நம்பாதீர்கள்.

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அச்சில் நிறம் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும். அசலில் தூரிகை ஓடிய தடம், வண்ணம் தேங்கிக் காய்ந்த ஓரம், திருத்திய இடத்தில் வெள்ளைப் பூச்சு, அடியில் பென்சில் கோடு எல்லாம் இருக்கும். எனக்கு அந்தப் பென்சில் கோடுதான் உயிர். என்னிடம் உள்ள ஒரு பாடகர் படத்தில் ஓவியர் மூக்கை மூன்று முறை அழித்து வரைந்திருக்கிறார். அந்த மூன்றாவது மூக்கில்தான் ஆள் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறார்! அவர் யோசித்த நேரம் முழுக்க அந்தத் தாளில் இருக்கிறது.

'வேனிட்டி ஃபேர்' அசல்கள் பல லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கின்றன. அதற்காக உங்கள் படத்தை ஒதுக்கிவிடாதீர்கள். 1897இல் அடித்த தாளே என்றால், அதுவும் சேர்த்து வைக்க வேண்டியதுதான்.

லேமினேட் செய்யாதீர்கள், வெயில் படும் சுவரிலும் மாட்டாதீர்கள். என் படம் ஒன்றைச் சட்டம் போட்டவர் சாதாரண அட்டையில் பசை தடவி ஒட்டிவிட்டார். இரண்டே மழைக்காலத்தில் முகமெல்லாம் பழுப்புப் புள்ளி. அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்குங்கள்.