கெளுத்திக்கு ஒரு மழைக்காலம் வையுங்கள்

கேள்வி: மூன்றடித் தொட்டியில் ஆறு ப்ரான்ஸ் கோரி மீன்களை (வெண்கல நிறத்தில் மினுங்குமே, அந்தக் குட்டிக் கெளுத்தி) இரண்டு வருடமாக வளர்க்கிறேன். போர் தண்ணீர்தான். ஹீட்டர் எப்போதும் 28 டிகிரி. வேளை தவறாமல் பெல்லட் போடுகிறேன், நன்றாகத் தின்கின்றன. ஆனால் இதுவரை ஒரு முட்டைகூட வைக்கவில்லை. ஹார்மோன் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார் மீன் கடைக்காரர். போடலாமா? இன்னொன்று, அடிக்கடி விருட்டென்று மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகின்றன. ஏதாவது நோயா?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: ஊசி வேண்டவே வேண்டாம். அது பண்ணைகளில் கெண்டைக்கும் பெரிய கெளுத்திக்கும் எடை பார்த்து அளந்து போடுவது. விரல் நீள மீனுக்கு அந்த ஊசி குத்துவதே பெரிய காயம். அதுவும் ப்ரான்ஸ் கோரிக்கு அவசியமே இல்லை, வீட்டுத் தொட்டியில் தானாக முட்டை வைக்கும் கெளுத்திகளில் இதுதான் ரொம்பச் சுலபமான ரகம்.

விஷயம் உங்கள் ஹீட்டரில் இருக்கிறது. இந்த மீனின் ஊர் தென் அமெரிக்கா. அங்கே கோடையில் ஓடைகள் வற்றி, தண்ணீர் சூடாகி, தீனி குறைந்து கிடக்கும். அப்புறம் மழை இறங்கியதும் குளிர்ந்த மென்மையான தண்ணீர் பாய்ந்து வரும், கூடவே புழுவும் பூச்சியும் வரும். குஞ்சு பிழைக்க அதுதான் காலம் என்று மீனுக்குத் தெரியும். உங்கள் தொட்டியிலோ வருடம் முழுக்க ஒரே சூடு, ஒரே பெல்லட். பாவம், அது எதை வைத்து மழை வந்ததென்று கண்டுபிடிக்கும்?

முதலில் ஆண் பெண் பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது, தொட்டிக்கு மேலிருந்து பாருங்கள். பெண் முன்பக்கத் துடுப்புகளுக்குப் பின்னால் நன்றாக அகன்று உருண்டிருக்கும், ஆண் ஒல்லி. ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் இருந்தால் நல்லது. ஆறும் ஒரே பாலாக இருந்தால் இனி நான் சொல்வது எல்லாம் வீண்வேலை. கொளத்தூர் வண்ணமீன் கடைகள் பக்கம் போய் ஜோடி சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

இனி ஹீட்டரைக் கழற்றி வையுங்கள். சென்னையில் இந்த மீனுக்கு ஹீட்டர் எதற்கு? அதற்கு இதமான சூடு 22 முதல் 26 டிகிரி வரைதான். சித்திரை வைகாசியில் முயற்சி செய்யவே வேண்டாம், ஐப்பசி வரை பொறுங்கள். ஐப்பசி பிறந்ததும் பத்துப் பதினைந்து நாள் செயற்கையாக ஒரு கோடையை உண்டாக்குங்கள்: தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு இறக்கிவிட்டு, தண்ணீர் மாற்றுவதைக் குறைத்து, தீனியையும் கொஞ்சமாகக் கொடுங்கள். ஃபில்டர் மட்டும் நிற்கக் கூடாது, கோடை என்றால் சாக்கடை என்று அர்த்தமில்லை, மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா ஏறினால் முட்டைக்குப் பதில் மீனே போய்விடும்.

அடுத்த ஒரு வாரம் விருந்து. ஃப்ரோசன் ப்ளட் வார்ம் (உறைய வைத்த சிவப்புப் புழு), பொடியாக நறுக்கிய மண்புழு, இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். டியூபிஃபெக்ஸ் (சாக்கடைச் சேற்றில் வளரும் மெல்லிய சிவப்புப் புழு) கொடுப்பதானால் நன்றாக அலசி, ஒரு நாள் சொட்டுத் தண்ணீரில் வைத்திருந்து கொடுங்கள், அது எந்தக் கால்வாயில் பிடித்ததோ யாருக்குத் தெரியும். கொசுப்புழு அருமையான தீனிதான், ஆனால் அதற்காக மொட்டை மாடியில் வாளி வைத்து வளர்த்தால் மாநகராட்சி ஆட்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெண்ணின் வயிறு உப்பத் தொடங்கியதும் செய்தியைக் கவனியுங்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னால் உங்களுக்கு நல்ல நேரம். காற்றழுத்தம் இறங்கும் நாட்களில் கோரி முட்டை வைப்பதை வளர்ப்பவர்கள் பலரும் கவனித்திருக்கிறார்கள். அன்று மாலை, தொட்டித் தண்ணீரைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, இறக்கிய மட்டத்தை நிரப்புங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளும் அதேபோல மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், உப்பு அதிகம். திறந்த வெளியில் பாத்திரம் வைத்துப் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது கிடையாது, இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர். ஆனால் தொட்டி முழுக்க அதையே நிரப்பிவிடாதீர்கள், உப்புச்சத்தே இல்லாத தண்ணீரில் பிஹெச் (அமில, கார அளவு) நிலையாக நிற்காது. ஐஸ் கட்டியை அப்படியே போடுவதும் வேண்டாம்.

பலித்தால் பெரும்பாலும் விடிகாலையில் தெரியும். ஆண்கள் ஒரே துரத்தலாகத் துரத்தும், பெண் கண்ணாடியில் இடம் தேடி வாயால் துடைக்கும். பிறகு ஆண் குறுக்கே சாய்ந்து நிற்க, பெண் அதன் வயிற்றடியில் வாயை வைத்துக்கொண்டு சில நொடி அசையாமல் இருக்கும். அப்போது நடப்பது விசித்திரம்: பெண் விந்தை விழுங்குகிறது, அது குடல் வழியாக வேகமாகக் கடந்து வெளியே வந்து முட்டைகளைச் சேர்கிறது. 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதே ப்ரான்ஸ் கோரியில்தான் இதைக் காட்டினார்கள். முட்டைகளை வயிற்றுத் துடுப்பு இரண்டையும் கை குவித்த மாதிரி சேர்த்து அதற்குள் ஏந்திக்கொண்டு போய், ஃபில்டர் தண்ணீர் விழும் பக்கத்துக் கண்ணாடியில் ஒட்டும். ஒரு தடவைக்குச் சில முட்டைதான், பல மணி நேரம் திரும்பத் திரும்ப நடக்கும்.

முடிந்த கையோடு முட்டைகளை எடுத்துவிடுங்கள், பெற்றவையே தின்றுவிடும். விரல் நுனியால் மெல்ல உருட்டினால் கண்ணாடியிலிருந்து வந்துவிடும். அதே தொட்டித் தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஏர் ஸ்டோன் குமிழி விடட்டும், காய்ந்த பாதாம் இலை ஒரு துண்டு மிதக்கட்டும். தெருவில் உதிர்ந்து கிடக்கிறதே, அதே நாட்டு வாதுமை இலைதான். வெள்ளையாகிப் பஞ்சு பூத்த முட்டையை அன்றன்றே பொறுக்கி எறியுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். முதல் இரண்டு நாள் மஞ்சள் கருப் பையே உணவு, ஒன்றும் போடாதீர்கள். அதற்குப் பிறகு மைக்ரோ வார்ம் என்ற பொடிப் புழு அல்லது அன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வளரும் குட்டி இறால் வகை). கோழி முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள், டப்பா நாறிவிடும். குஞ்சு அடியிலேயே கிடப்பதால் அடித்தளம் அழுக்கானால் முதலில் போவது அதுதான்.

முதல் தடவை முட்டை வராவிட்டால் வழக்கமான தீனிக்குத் திரும்பி, இரண்டு மூன்று வாரம் விட்டு மறுபடி குளிர வையுங்கள். மார்கழி வரை நேரம் இருக்கிறது.

காற்று விழுங்குவது நோய் இல்லை. கோரிக்குக் குடலாலும் சுவாசிக்கத் தெரியும், மேலே வந்து ஒரு வாய் எடுத்துக்கொண்டு போவது அதன் வழக்கம். எல்லாமே நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடி வந்தால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் போதவில்லை அல்லது தண்ணீர் கெட்டிருக்கிறது. அப்போது ஏர் பம்பைப் பாருங்கள், பாதித் தண்ணீரை மாற்றுங்கள். தொட்டி மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.