ஒரே பேனலில் மின்சாரமும் வெந்நீரும்: எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: கோவையில் சொந்த வீடு, நான்கு பேர். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடுகிறது. பில் ஏறக்குறைய 3,900 ரூபாய். மின்சாரமும் வெந்நீரும் சேர்த்துத் தரும் பி.வி.டி. பேனலுக்கு (3 கிலோவாட், 200 லிட்டர் டேங்க்) 4.4 லட்சம் கொட்டேஷன் வந்திருக்கிறது. எஃப்.டி.யை உடைத்துப் போடலாமா? ஊட்டியில் லாட்ஜ் நடத்தும் மைத்துனரும் கேட்கிறார்.

பதில்: உங்கள் வீட்டுக்கு வேண்டாம். எஃப்.டி. அப்படியே இருக்கட்டும்.

விற்பவர் பொய் சொல்லவில்லை. பேனல் மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி சூடாகவே போகிறது. பேனலில் மின்சாரம் தயாரிக்கும் செல்லின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் செல் 60 டிகிரியைத் தொட்டால் பத்து சதவீதத்துக்கு மேல் நஷ்டம். பேனலின் முதுகில் குழாய் ஓட்டித் தண்ணீர் விட்டால் செல்லும் குளிரும், வெந்நீரும் கிடைக்கும் என்பதுதான் யோசனை.

இடிப்பது டேங்கில். 200 லிட்டரை 25-லிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற 7 யூனிட் வெப்பம் போதும். 3 கிலோவாட் பேனலோ நல்ல வெயில் நாளில் அதைப்போல மூன்று மடங்கு தரும். மதியத்துக்கு முன்பே டேங்க் சூடாகிவிடும். அப்புறம் சுடுதண்ணீர்தான் பேனலுக்குள் சுற்றும். உச்சிவெயிலில் குளிர்ச்சி என்பது பேச்சோடு சரி. இத்தனைக்கும், மேலே கூடுதல் கண்ணாடி இல்லாத வகை தண்ணீரை 40, 45 டிகிரிக்கு ஏற்றவே திணறும். கண்ணாடி போட்ட வகையில் வேறு தொல்லை: கரன்ட் போனால் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் நிற்கும், பம்பும் நிற்கும், பேனல் 100 டிகிரியைத் தாண்டும். செல்லை ஒட்டிவைத்திருக்கும் ஈ.வி.ஏ. படலம் மஞ்சளாகி உப்பிவிடும். சிறுவாணித் தண்ணீர் என்றால் பரவாயில்லை. போர் தண்ணீரை நேராக விட்டால் குழாயில் உப்புப் படியும்.

இனி காசு. முதலில் 200 லிட்டர் சாதாரண சோலார் வாட்டர் ஹீட்டர் போடுங்கள். 35,000 ரூபாய் வாக்கில் முடியும். தினம் 100 லிட்டர் வெந்நீர் என்றாலே குளிர் மாதங்களில் கீசருக்கு இரண்டு மாதத்தில் 200 யூனிட் போகும். அது நின்றால் 700 என்பது 500 ஆகும். 2 கிலோவாட் பேனல் அதே காலத்தில் 480 யூனிட் தரும். முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். மூன்றாவது கிலோவாட் எதற்கு?

2 கிலோவாட்டுக்கு 1.3 லட்சம் என்று வைத்தால், மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்ட மானியம் 60,000 போக 70,000. ஹீட்டரோடு 1.05 லட்சம். கொட்டேஷனோடு வித்தியாசம் 3.35 லட்சம், 6.5 சதவீத எஃப்.டி.யில் அதற்கு வருடம் 21,775 ரூபாய் வட்டி (வரிக்கு முன்). உங்கள் இன்றைய முழு வருட மின்கட்டணமே 23,400தான்! இன்னொன்று: மானியம் இந்தியாவில் செய்த செல் உள்ள டி.சி.ஆர். பேனலுக்கு மட்டுமே. பி.வி.டி. விற்பவரிடம் அந்தச் சான்றிதழை எழுத்தில் கேளுங்கள். முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

மைத்துனர் கதை வேறு. ஊட்டியில் மேல்தொட்டித் தண்ணீரே சில்லிட்டிருக்கும், லாட்ஜில் நாள் முழுக்க வெந்நீர் போகும், கூரையில் இடமும் குறைவு. பி.வி.டி.யில் 30, 35 டிகிரி வரை ஏற்றி, மீதியை ஹீட் பம்ப்பிடம் (குறைந்த மின்சாரத்தில் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) விட்டால் பேனல் குளிர்ச்சியாகவே ஓடும். உறைபனி விழும் ஊர் என்பதால் கிளைக்கால் (தண்ணீர் உறையாமல் காக்கும் திரவம்) கலந்த மூடிய சுற்று, சூட்டில் விரியும் திரவத்துக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்க், டேங்குக்குள் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் மூன்றும் கொட்டேஷனில் இருக்க வேண்டும், சோலார் வெந்நீர் பேனல்களுக்கான ஐ.எஸ்.ஓ. 9806 சோதனை அறிக்கையும் வேண்டும். வீட்டு மானியம் லாட்ஜுக்குக் கிடையாது. ஆனால் வருமான வரியில் சோலார் கருவிக்கு 40 சதவீதத் தேய்மானம் (கருவியின் விலையில் அந்தப் பங்கைச் செலவாகக் கழிப்பது) உண்டு. நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் அந்த ஆண்டுக்கு 20தான். எனவே செப்டம்பருக்குள் இயக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.